ஒரு நாட்டின் சம்பளத்தை நான் ஒரு மணித்தியாலம் மறித்த கதை

வில்லியே லே பெல்,
27.10.2014, திங்கட்கிழமை.

பெருமதிப்புக்குரிய அத்தான் அவர்களுக்கு, பாரிசிலிருந்து மைத்துனன் குணரத்தினம் பணிவன்புடன் எழுதிக்கொள்வது. நானும் கோசலையும் மகள் தயாளினியும் நல்ல சுகம். கடிதத்தின் முதல் வரியில் எல்லோரும் இப்படித்தான் எழுதுவார்கள் என்று நினைத்துத் தாண்டிப் போக வேண்டாம். தயவுசெய்து திரும்ப ஒருமுறை வாசித்து, அக்காவுக்கும் சத்தமாக வாசித்துக் காட்டவும். தயாளினி சுகம். அவவை ஒருவரும் கடத்தவில்லை. கடத்தியதாகக் கொக்குவிலுக்கு வந்த செய்தி என்னிடமிருந்து புறப்பட்டது. அதற்கு மன்னிப்புக் கேட்கவே இக்கடிதம்.

அன்றைக்கு இரவுச் சாப்பாட்டுக்கு முன்னமே வைபரில் எடுத்து விஷயத்தைச் சொன்னேன்தான். ஆனால் நீங்கள் ஏசத் தொடங்க, எனக்கு "ஓம் அத்தான்" என்பதற்கு மேல் வாய் திறக்க இடம் கிடைக்கவில்லை. கடிதமென்றால் எனக்கு ஒரு வசதி, நான் முடிக்கும்வரை நீங்கள் ஏச ஏலாது. ஒரு மாதமாக எழுதி எழுதிக் கிழிச்சு, இண்டைக்குக் கடை பூட்டு எண்டபடியால் இருந்து எழுதுறன். பிழை இருந்தால் பொறுக்கவும். ஓ.எல். சோதினையிலை கணக்குப் பாடத்தை ரெண்டுதரம் எடுத்து ரெண்டுதரமும் விழுந்தவன் நான். கிளிநொச்சி அரசாங்கக் கச்சேரியிலை பிரதம இலிகிதராய் இருந்த நீங்கள் என்ரை விடைத்தாளின்ரை கதையைக் கேட்டு விழுந்து விழுந்து சிரிச்சதை இன்னும் மறக்கேல்லை.

உங்களுக்கு ஒரு கேள்வி எப்பவும் இருந்தது, பெட்டை இவ்வளவு படிச்சுப்போட்டு அப்பிடி என்ன வேலைதான் பாக்கிறாள் எண்டு. எனக்கும் அதே கேள்விதான். பெத்த தேப்பன் கேட்டால் மரியாதையில்லை எண்டு இருந்திட்டன். லா சப்பல் தமிழ்க் கடைத்தெருவிலை ஆரும் விசாரிச்சால் "அரசாங்கங்களின்ரை காசைப் பாக்கிறா" எண்டு சொல்லுவன், உடன மரியாதையாய்ப் பாப்பினம். ஒரு ஆள் மட்டும் வட்டி எத்தினை வீதம் எண்டு கேட்டது. செப்ரெம்பர் தொடக்கத்திலை அவவைச் சண்டை முடிஞ்ச ஒரு ஆபிரிக்க நாட்டுக்கு அனுப்பினவை. நாட்டின்ரை பேரை எழுத வேண்டாமெண்டு மகள் சொன்னவ; எழுதச் சொன்னாலும் எனக்கு எழுத்துக்கூட்ட வராது. போறதுக்கு முதல் நாள் என்னை மேசையிலை இருத்தி விளங்கப்படுத்தினவ. அங்கை சண்டைக் காலத்திலை ஒரு அரசாங்கக் கந்தோர் மற்றக் கந்தோரை நம்பாமல், ஆளுக்கொரு வங்கிக் கணக்குத் திறந்து வைச்சிருக்கினமாம். எல்லாமாய் நானூற்றுப் பதினேழு கணக்கு. நிதி அமைச்சிலை காசில்லை எண்டு வாத்திமாருக்கு நாலு மாசமாய்ச் சம்பளமில்லை, அதுக்கு மேலை வங்கியிலை வட்டிக்குக் கடனும் எடுக்கினம். அதே வங்கியிலை ரெண்டு யன்னல் தள்ளி மீன்பிடித் திணைக்களத்தின்ரை காசு ஆரும் தொடாமல் சும்மா கிடக்குது. மகளின்ரை வேலை என்னெண்டால், இந்த நானூற்றுப் பதினேழையும் தேடிப் பிடிச்சு ஒரே கணக்காக்கிறது, பேந்து ஒவ்வொரு திங்களும் சுங்கக்காரர், வரிக்காரர், அமைச்சுக்காரர் எல்லாரையும் ஒரு மேசையிலை இருத்தி, இந்தக் கிழமை எவ்வளவு வரும், எவ்வளவு போகும், முதலிலை ஆருக்குக் குடுக்கிறது எண்டு ஒரு தாளிலை எழுதுவிக்கிறது. நான் கேட்டன், இதுக்கோ பிள்ளை அஞ்சு வருஷம் படிச்சனி, இதை அப்பாவே செய்திருப்பனே எண்டு. அடுப்படியிலை நிண்ட கோசலை சிரிச்சவ. ஏன் சிரிச்சவ எண்டு அண்டைக்கு எனக்கு விளங்கேல்லை.

மாசக் கடைசி வெள்ளிக்கிழமை, செப்ரெம்பர் இருபத்தாறு, முதல் சம்பளம் எண்டு நாள் குறிச்சிருந்தவை. முந்தியெல்லாம் சம்பளத்தைச் சாக்கிலை கட்டி அனுப்புவினமாம், அது போற வழியிலை மெலிஞ்சு மெலிஞ்சு பள்ளிக்கூடத்துக்குப் போய்ச் சேரேக்கை பாதியாய் இருக்குமாம். இந்த முறை ஒவ்வொரு வாத்தியும் வங்கி யன்னலிலை தன்ரை பேரைச் சொல்லித் தன்ரை கையாலை வாங்கிறது. வியாழக்கிழமை மகள் போனிலை சொன்னவ:

"சொன்ன நாளிலை குடுக்காட்டி, அப்பா, இனி அந்த அரசாங்கம் சொல்லுற ஒண்டையும் அவை நம்பாயினம். சம்பளம் வராத வீட்டிலை இருந்துதான் திரும்பத் துவக்குத் தூக்கப் போறவை வருவினம்."

சண்டைக் காலத்திலை சம்பளக் காசு ஓமந்தைச் சோதனைச்சாவடி தாண்டிக் கிளிநொச்சிக்கு வருமோ வராதோ எண்டு பாத்துக்கொண்டிருந்த உங்களுக்கு நான் இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை.

இனி அந்த வெள்ளிக்கிழமை. ரூ லூயி-பிளாங் தெருவிலை எங்கடை சாப்பாட்டுக்கடைக் குசினியிலை நிண்டு வெங்காயம் வெட்டுறன். நேரம் பதினொரு மணி. மகளிட்டை இருந்து வட்ஸ்அப்பிலை ஒரு படம் வருது. எழுத்து ஒண்டுமில்லை, படம் மட்டும். ஒரு பெரிய கட்டடத்தின்ரை கேற், அதுக்கு முன்னாலை ரோட்டு நிறையச் சனம், கேற்றுக்கு ரெண்டு பக்கமும் ஆமிக்காரர் துவக்கோடை. நான் எடுத்துப் பாக்கிறன், அவவின்ரை போன் வேலை செய்யேல்லை. திரும்ப எடுக்கிறன், வேலை செய்யேல்லை. நான் போட்ட சத்தத்திலை கடைப் பத்ரோன், எங்கடை முதலாளி, என்ரை விரல் வெட்டுப்பட்டுப் போச்செண்டு பஞ்சும் கொண்டு ஓடி வந்தவர். அத்தான், நீங்களும் நானும் கண்டு வளந்தது அப்பிடி. கந்தோர் வாசலிலை சனம், பக்கத்திலை துவக்கு, போன் செத்துப்போச்சு எண்டால் எங்களுக்கு ஒரு அர்த்தந்தான் தெரியும்.

அந்தரம் ஆபத்தெண்டால் மட்டும் எடுக்கச் சொல்லி மகள் தன்ரை மேலதிகாரி ழான்-லூக்கின்ரை நம்பரை என்ரை பேர்சிலை எழுதி வைச்சவ. எடுத்தன். இருபத்திரண்டு வருஷமாய் நான் கதைக்கிற பிரெஞ்சு குசினிப் பிரெஞ்சு. கெதியாய், சுடுகுது, பின்னாலை வாறன், இதுகளைச் சொல்லத் தெரியும். அதுகளை வைச்சே, மகளைச் சனம் சூழ்ந்திட்டுது, ஆமி நிக்குது, கெதியாய், சுடுகுது எண்டு சொல்லி முடிச்சன். மனிசன் மரியாதையாய், உடன பாக்கிறன் எண்டவர். எனக்கெண்டால் அவர் பாத்துக்கொண்டிருக்க நான் பாத்துக்கொண்டு நிக்க ஏலாது. போனை வெங்காயக் கூடைக்குள்ளையே விட்டிட்டு ரெண்டு கடை தள்ளி இருக்கிற குகதாசனின்ரை டிக்கெட் கடைக்கு ஓடினன். இண்டைக்குப் பின்னேரப் பிளேனிலை ஒரே ஒரு சீற் இருக்கு, ஆயிரத்து முந்நூற்று எண்பது ஈரோ, ரெண்டு மணிக்கு முதல் கையிலை காசு வேணும் எண்டார். நான் காசுக்கு ஓட, அவர் கொக்குவிலிலை இருக்கிற தம்பிக்குப் போன் எடுத்திருக்கிறார். தான் சொன்னது சனம் சூழ்ந்திட்டுதாம் எண்டு மட்டுந்தான் எண்டு இண்டைக்கும் சத்தியம் பண்ணுறார். உங்கடை வீட்டுப் படலைக்கு வந்து சேரேக்கை அது கடத்தலாயிட்டுது.

என்ரை வங்கிக் கணக்கிலை இருநூற்றுப் பன்னிரண்டு ஈரோ கிடந்தது. எனக்கு உடன அற்புதராணியக்காவின்ரை சீட்டு ஞாபகம் வந்தது. மரக்கறிக் கடையிலை காசாளராய் நிண்டுகொண்டு சீட்டுப் பிடிக்கிற மனிசி அவ. இருபது பேர், ஆளுக்கு இருநூறு, நாலாயிரம். ஆர் கூடக் கழிக்கினமோ அவைக்கு அந்த மாசச் சீட்டு. வழமையிலை இருநூறு முந்நூறு கழிச்சால் கிடைச்சிடும். அவ என்ரை முகத்தை ஒருக்கால் பாத்திட்டு, இந்த மாசம் போட்டி கூட எண்டவ. நான் எழுநூறு எண்டன். போட்டி அந்த இடத்திலையே முடிஞ்சுது. மூவாயிரத்து முந்நூறையும் வாங்கிக்கொண்டு ஓடிப்போய்க் குகதாசனிட்டைக் குடுக்க, டிக்கெட் காசை எடுத்து மேசை லாச்சியைப் பூட்டினதுக்குப் பிறகுதான் கேட்டார், அண்ணை, விசா இருக்குத்தானே, மஞ்சள் காய்ச்சல் ஊசி போட்டனீங்கள்தானே எண்டு. அந்த ஊசியைப் பத்து நாளுக்கு முதலே போட வேணுமாம்.

வேறை வழி தெரியாமல் பாஸ்போட்டை எண்டாலும் எடுப்பமெண்டு ரயிலேறி வீட்டை வந்தன். கோசலை விஷயத்தைக் கேட்டு அழவுமில்லை, கத்தவுமில்லை. நேரை போய்ப் பிரீசரைத் திறந்து, பாரை மீனுக்குக் கீழை கையை விட்டு ஒரு பையை இழுத்தெடுத்து மேசையிலை வைச்சவ. கட்டி பிடிச்ச ரெண்டாயிரத்து நானூறு ஈரோ. டிக்கெட்டுக்கு இது காணும்தானே எண்டவ. நான் போய் மின்சார மீற்றர்ப் பெட்டிக்குப் பின்னாலை இருந்ததை எடுத்துவந்து பக்கத்திலை வைச்சன். அவ சீலைப் பெட்டியைத் திறந்தவ. நான் குளிர்ச் சப்பாத்தைக் கவிழ்த்தன். ரெண்டு பேர் இருக்கிற வீட்டிலை ஒன்பது இடம் அத்தான். மேசையிலை கூட்டிப் பாத்தால் மூவாயிரத்து எழுநூற்று அறுபது ஈரோ. அதை வீட்டுக்குள்ளை வைச்சுக்கொண்டு நான் வெளியிலை போய் எழுநூறு கழிச்சுக் காசெடுத்திருக்கிறன். கோசலை சீட்டுக் காசைப் பாத்தா, என்னைப் பாத்தா. நான் பிரீசரைப் பாத்தன். அந்த மீன்பிடித் திணைக்களம் எங்கை இருந்ததெண்டு எனக்கு அப்பதான் விளங்கினது.

ஆறரைக்கு வீட்டுப் போன் அடிச்சது. மகள்.

"அப்பா, ழான்-லூக்குக்கு என்ன சொன்னனீங்கள்?"

குரலைக் கேட்டதும் நான் போனைக் கோசலையிட்டை நீட்டினன். கோசலைதான் போனை வாங்கிக் கதை கேட்டவ. வங்கிக்குள்ளை போறவை எல்லாரும் போனைக் கேற்றிலை குடுத்திட்டுப் போகோணுமாம். குடுக்கிறதுக்கு முதல், தன்ரை வேலையை அப்பாவுக்குக் காட்டுவம் எண்டு சந்தோஷத்திலை எடுத்தனுப்பின படம் அது. அது சம்பளத்துக்கு வந்த வரிசை. நான் ழான்-லூக்குக்குச் சொன்ன கையோடை அவர் அங்கை பாதுகாப்புக்காரருக்குச் சொல்ல, அவை வங்கிக்குள்ளை வந்து மகளை வெளியிலை கூட்டிக்கொண்டு போய்க் காருக்குள்ளை இருத்திப்போட்டினம், சட்டம் அப்பிடியாம். பேர்ப்பட்டியல் மகளின்ரை கையிலை. பட்டியல் இல்லாமல் யன்னலைத் திறக்க ஏலாது. நாலு மாசம் பாத்திருந்த அறுநூற்று நாப்பது வாத்திமாருக்கு முன்னாலை யன்னல் பூட்டுப்பட்டுது. காசு முடிஞ்சுதெண்டு சனம் முணுமுணுக்கத் தொடங்கிட்டுதாம். ழான்-லூக் விஷயத்தை அறிய எனக்கு ஏழுதரம் எடுத்திருக்கிறார், வெங்காயந்தான் கேட்டுக்கொண்டிருந்தது. ஒரு மணித்தியாலம் பாத்திட்டு மகளே காரை விட்டிறங்கிக் கேற்றடியிலை ஒரு கதிரையிலை ஏறி, காசு முடியேல்லை, என்ரை அப்பாதான் பயந்திட்டார் எண்டு உரக்கச் சொன்னவவாம். ரோட்டு முழுக்கச் சிரிச்சதாம். ஒரு வயதுபோன வாத்தியார் தனக்கும் வெளியூரிலை ஒரு மகள் இருக்கிறா எண்டு சொல்லி, என்னைச் சுகம் கேட்டதாகச் சொல்லச் சொன்னவராம். நாலு மணிக்குப் பூட்டிற யன்னலை ஆறு மணி வரைக்கும் திறந்து வைச்சவை.

நான் போனை வாங்கி ஒண்டைத்தான் கேட்டன், குடுத்து முடிச்சாச்சோ பிள்ளை எண்டு.

"ஓம் அப்பா. கடைசி ஆள் வரைக்கும்."

பேந்து கடையிலை விட்ட போனை எடுத்துவந்து அந்தப் படத்தை நானும் கோசலையும் பெருப்பிச்சுப் பாத்தம். குடை பிடிச்சுக்கொண்டு ஒரு ரீச்சர், கதிரை கொண்டுவந்து குந்தியிருக்கிற நாலு பேர், பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிற ஒரு பெடியன். மூலையிலை ஒரு மனிசி கச்சான் கடலை விக்கிறா. துவக்கு வைச்சிருந்த ஆமிக்காரன்ரை மற்றக் கையிலை கச்சான் சுத்தின கடதாசிச் சரை. நான் துவக்கைத்தான் பாத்தன் அத்தான், கச்சானைப் பாக்கேல்லை.

அடுத்த நாள், ஊருக்குக் காசு அனுப்புற உண்டியல் கடைக்காரன் கூப்பிட்டு, கொக்குவிலிலை இருந்து உங்களுக்கு அம்பதினாயிரம் ரூபா வந்திருக்கு எண்டான். அங்கையிருந்து இஞ்சையோ எண்டு அவனே மூண்டுதரம் துண்டைத் திருப்பிப் பாத்தவன். கடையிலை நிண்டவை எல்லாரும் பாத்தினம். உங்கடை பென்சன் காசெண்டு அக்கா பிறகு சொன்னவ. மருமேளை மீட்கவெண்டு நீங்கள் அனுப்பினதை எழுதேக்கை எனக்குப் பகிடி வரேல்லை. அது அதே கடையாலை திரும்பி வருது, எண்ணி எடுக்கவும்.

இப்ப எங்கடை வீட்டிலையும் ஒரே கணக்கு. மகளின்ரை கட்டளை. திங்கள் மத்தியானம் நானும் கோசலையும் கொப்பியை விரிச்சு வைச்சு, வாறது எவ்வளவு, போறது எவ்வளவு எண்டு எழுதுறம். ஒன்பது இடமும் துடைச்சு வெறுமை. சீட்டிலை போன எழுநூறையும், டிக்கெட்டிலை குகதாசன் திருப்பித் தராத அறுநூற்றுத் தொண்ணூறையும் கோசலை ஒரு தனிப்பக்கத்திலை எழுதி, மேலை என்ரை பேரைப் போட்டிருக்கிறா. முதல் மாசச் சம்பளம் ஆரும் எப்பிடியும் சமாளிச்சுக் குடுப்பினம், ரெண்டாம் மாசமும் அதே நாளிலை குடுத்தால்தான் அரசாங்கம் எண்டு மகள் சொல்லுறா. அது வாற வெள்ளிக்கிழமை. இனிமேல் படத்தைப் பாத்துப் பதற மாட்டன் எண்டு நான் கொப்பியிலை கையெழுத்து வைச்சிருக்கிறன். எனக்கு இப்ப மனசு நிறைஞ்ச ஆறுதல்.

தயாளினிக்காகப் பிடிக்கும் விரதத்தை விட்டு அக்காவை மத்தியானச் சாப்பாட்டைச் சாப்பிடச் சொல்லவும். உங்கள் இருவருக்கும் நோய்நொடி இல்லாத நீண்ட ஆயுளும், மாதா மாதம் தவறாத பென்சனும் கிடைக்க வேண்டுமென்று இறைவனை வேண்டி முடிக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் ஏச்சுக்கு என்றும் உரிய
குணரத்தினம்

பி.கு. (31.10.2014, வெள்ளிக்கிழமை): முத்திரை இல்லாமல் கடிதம் நாலு நாள் கிடந்திட்டுது, நல்லதாய்ப் போச்சு. இண்டைக்குப் பதினொரு மணிக்கு மகள் திரும்பப் படம் அனுப்பினவ. அதே கேற், அதே ரோட்டு, ஒரு சனமில்லை. ஒரேயொரு ஆமிக்காரன் கதிரையிலை நித்திரை. சனத்தைக் கலைச்சுப்போட்டாங்கள் எண்டு நினைச்சு நான் குகதாசனிட்டை ஓடிட்டன். டிக்கெட் எடுக்கேல்லை, காசு எடுத்து எழுதக் கோசலை கொப்பியைத் தரேல்லை. பின்னேரம் மகள் எடுத்துச் சொன்னவ, காசு கட்டாயம் இருக்குமெண்டு இந்த முறை நம்பினபடியால் ஒருத்தரும் விடியவே வந்து அடிபடேல்லையாம், பள்ளிக்கூடம் விட்டு ஆறுதலாய் வந்து எடுத்தவையாம், எல்லாருக்கும் குடுத்தாச்சாம். ஆனால் குகதாசன் அதுக்குள்ளை கொக்குவிலுக்குப் போன் எடுத்திட்டார். இக்கடிதம் வர முதலே தம்பிக்காரன் உங்கள் படலையடியில் வந்து நின்றிருப்பார். அவர் என்ன சொல்லியிருந்தாலும், வாத்திமார் சம்பளத்தை எடுத்துக்கொண்டு வீட்டை போயிட்டினம்.