புதிதாகச் சேர்ந்த தையல்காரி

புதிதாகச் சேர்ந்தவர் பதினாறே நிமிடத்தில் குழுவைவிட்டு ஓடிப்போனார்.

கண்ணாடிக்கடைக்காரர் கைப்பேசியை வெறித்தபடியே, எதிரே உட்கார்ந்திருந்த வாடிக்கையாளரின் மூக்கில் ஃபிரேமை மாட்டினார்.

"என்னங்க, தலைகீழா மாட்டியிருக்கீங்க" என்றாள் கவுன்டரில் இருந்த மனைவி.

"எல்லாமே தலைகீழாத்தான் இருக்கு. இன்னைக்கும் ஒருத்தர் போயிட்டார்."

பைப் ஆர்கன் ரசிகர்களுக்காக அவர் இணையத்தில் ஒரு குழு நடத்திவந்தார். நகர மண்டபத்தின் பின்சுவர் முழுக்க ஆயிரம் குழாய்களோடு நிற்கிற ஆர்கனை ஒன்பது வருடமாக யாரும் தொடவில்லை. அதை மறைத்துப் பலகை அடித்து, பெரிய திரை மாட்டப்போகிறார்கள் என்று பேச்சு.

"இந்த மாசக் கடைசி சனிக்கிழமைக்குள்ள இருபது பேரை நேர்ல கூட்டிட்டு வாங்க. திரையே வேண்டாம்னு நானே சொல்லிடறேன்" என்று மண்டப மேலாளர் கெடு வைத்திருந்தார்.

குழுவில் இருந்ததோ, அவரையும் சேர்த்துப் பதினோரு பேர்.

ஆட்கள் சேராமல் இல்லை. சேர்ந்தவர்கள் நிற்கவில்லை. யாராவது "வணக்கம்" என்று எழுதினால் போதும், பதினோரு பேரும் ஆளுக்கொரு ஒலிப்பதிவை அனுப்பி வரவேற்பார்கள். அதுவும் முப்பத்திரண்டு அடி உயரக் குழாயின் அடிநாதமாகப் பார்த்து. கைப்பேசி ஸ்பீக்கரில் அந்த நாதம் எழும்பவே எழும்பாது. "ஒண்ணும் கேக்கலையே" என்பார் புதியவர். ஏன் கேட்கவில்லை என்று பதினோரு பேரும் ஒரே நேரத்தில் விளக்கத் தொடங்குவார்கள். மனிதர் தப்பித்தோம் பிழைத்தோம் என்று கிளம்பிவிடுவார்.

"இனி ஒருவர் மட்டும் வரவேற்றால் போதும்" என்று கண்ணாடிக்கடைக்காரர் அறிவித்தார். அந்த ஒருவர் யார் என்று இரண்டு நாள் சண்டை நடந்தது. 'துருத்தி' என்ற பெயரில் எழுதுபவரும் 'பெடல்' என்ற பெயரில் எழுதுபவரும் பேச்சுவார்த்தையையே நிறுத்திக்கொண்டார்கள். அந்த இரண்டு நாளில் வந்த ஒரே ஒரு புதியவரை யாருமே வரவேற்கவில்லை. அவரும் போய்விட்டார்.

ஓடிப்போகாத புதியவர் ஒருவர் இருந்தால்தான் இவர்கள் பழகுவார்கள் என்று தோன்றியது கண்ணாடிக்கடைக்காரருக்கு. கடையில் ஆளில்லாத ஒரு மதியத்தில், 'தையல்காரி' என்று ஒரு போலிக் கணக்கைத் தொடங்கினார்.

"ஒரு கருவிக்கு எதுக்குங்க இத்தனை குழாய்?" என்று தையல்காரி கேட்டாள்.

துருத்தி உருகிப்போனார். "ஒரு குழாய்க்கு ஒரு சுரம்தாம்மா தெரியும். அதனாலதான் எல்லாரையும் கூட்டிவச்சுப் பாடவேண்டியிருக்கு."

மறுநாள் ஒரு நர்ஸ் வந்து சேர்ந்தாள். பிறகு ஒரு பேக்கரிக்காரர், ஒரு பஸ் டிரைவர், ஒரு கணக்கு டீச்சர். யாரும் ஓடவில்லை. பத்தே நாளில் குழுவில் இருபத்திரண்டு பேர்!

"பாத்தியா? ஒரு தையல்காரி வந்ததும் ஊரே வருது" என்று மனைவியிடம் பூரித்தார்.

"யாருங்க அந்தத் தையல்காரி?"

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னார். அவள் சிரித்த சிரிப்பில் அலமாரிக் கண்ணாடிகள் அதிர்ந்தன.

சிரிப்பு அடங்குவதற்குள் குழுவில் தீர்மானம் வந்துவிட்டது. சனிக்கிழமை ஆர்கனின் முதல் கட்டையை அழுத்தப்போவது தையல்காரிதான். ஏகமனதாக.

"தையல்காரிக்குக் காய்ச்சல்" என்று அவசரமாக எழுதினார்.

"வெந்நீர் குடிக்கச் சொல்லுங்க" என்றாள் நர்ஸ். ரொட்டி அனுப்ப முகவரி கேட்டார் பேக்கரிக்காரர். "அவங்க இல்லாம நாங்க போறதா இல்லை. உடம்பு தேறட்டும், அடுத்த மாசம் பாத்துக்கலாம்" என்றார் பெடல். துருத்தியும் அதை ஆமோதித்தார். அவர்கள் ஒத்துப்போன முதல் விஷயம் அது.

அடுத்த மாதம் என்றால் திரை வந்துவிடும். காய்ச்சலை அரை மணி நேரத்தில் குணப்படுத்திவிட்டு, அவர் மனைவியின் முன்னால் வந்து நின்றார்.

"நீ வந்துடேன்."

"நானா? எனக்குப் பட்டன் தைக்கவே வராது! உங்க சட்டையைப் பாருங்க, மூணாவது பட்டனுக்குப் பதிலா ஊக்குதான் நிக்குது."

"ஒரு மணி நேரம்தான். உன் கால்ல விழறேன்."

"கால்ல எல்லாம் விழவேண்டாம். நான் இதுவரைக்கும் என்னென்ன பேசியிருக்கேன்னு காட்டுங்க."

பத்து நாள் உரையாடலையும் நின்றுகொண்டே படித்தாள். "நான் ஏங்க இவ்வளவு அசடா கேள்வி கேக்கறேன்?" என்று முறைத்தாள். வருவதாகவும் ஒப்புக்கொண்டாள்.

சனிக்கிழமை மூன்று மணிக்கு மண்டபத்தில் ஆட்கள் கூடினார்கள். மேலாளர் விரல்விட்டு எண்ணினார். சரியாக இருபத்திரண்டு. பழையவர்கள் வாய் ஓயாமல் பேச, புதியவர்கள் மட்டும் பரீட்சைக்கு வந்தவர்கள்போல ஓரமாக நின்றார்கள். "தையல்காரி யாரு?" என்று துருத்தி தேட, மனைவி கணவரை ஒரு முறை முறைத்துவிட்டு, ஆர்கன் முன்னால் கிடந்த பெஞ்சில் போய் உட்கார்ந்து ஒரு கட்டையை அழுத்தினாள்.

சுவரே மூச்சு விட்டதுபோல இருந்தது. ஜன்னல்கள் நடுங்கின. கூரையிலிருந்து ஒன்பது வருடத் தூசி இறங்கியது. எல்லோரும் தும்மினார்கள், எல்லோரும் சிரித்தார்கள்.

"இன்னொரு தடவை அழுத்தட்டுமா?" என்றாள் அவள். அது நடிப்பில்லை என்று கண்ணாடிக்கடைக்காரருக்குத் தெரிந்தது. புதியவர்கள் ஒவ்வொருவராக வந்து வரிசையில் நின்றுவிட்டார்கள்.

"திரையும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். மாசத்துக்கு ஒரு தடவை வந்து இப்படி வாசிங்க" என்றார் மேலாளர், தலைத் தூசியைத் தட்டிக்கொண்டே.

பெஞ்சிலிருந்து எழும்போது ஆர்கன் மூடியின் விளிம்பு கிழித்து, மனைவியின் விரலில் ஒரு சொட்டு ரத்தம்.

"நர்ஸம்மா! கொஞ்சம் பாருங்க!" என்று எல்லோரும் கூவினார்கள்.

நர்ஸ் ஓடி வந்தாள். ரத்தத்தைப் பார்த்தாள். கண்ணை இறுக மூடிக்கொண்டு அப்படியே பெஞ்சில் உட்கார்ந்தாள். தூரத்தில் பெடல் தலையில் கைவைத்துக்கொண்டார்.

மனைவி குனிந்து, "என்னங்க, நீங்க நர்ஸ்தானே?" என்று மெல்லக் கேட்டாள்.

நர்ஸ் ஒரு கண்ணை மட்டும் திறந்து, அருகில் நின்ற கண்ணாடிக்கடைக்காரரின் சட்டை ஊக்கைப் பார்த்துவிட்டு, கிசுகிசுத்தாள்: "உங்க வீட்டுக்காரரும் கெஞ்சித்தான் கூட்டிட்டு வந்தாரா? புதுசா சேர்ந்த நாங்க பத்து பேரும் அப்படித்தாங்க!"