மழையை நிறுத்திய கிளாரா

ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போய் வந்து, கறியை அடுப்பில் ஏற்றிய கையோடு கிளாரா போனை எடுத்தாள். தேயிலை எஸ்டேட் அய்யாத்துரையிடமிருந்து செய்தி.

"அக்கா, காலையிலயிருந்து விடாத மழை. இப்படியே போனா வெளையாட முடியாது. பாத்து ஏதாச்சும் செய்ங்க."

கிளாரா கறியை மறந்தாள். கம்ப்யூட்டரில் கட்டை கட்டையாக அடுக்கி ஊர் கட்டும் விளையாட்டு அது. அதற்குள் மழை பெய்தால் ஆட்டம் திணறும். கம்பம், போடி, எஸ்டேட் என்று பதினெட்டுப் பேர் ஆறு மாதமாகக் கட்டிய ஊர், வாடகை சர்வர் ஒன்றில் இருந்தது. அதற்கு ராயப்பன்பட்டி கிளாராதான் நிர்வாகி. நாலு மணிக்குப் போட்டி.

அவளுடைய லேப்டாப் ரிப்பேருக்குப் போயிருந்தது. வீட்டுப் பழைய கம்ப்யூட்டரில் விளையாட்டு ஓடாது. சர்வரை நடத்தும் பேனல் மட்டும் திறக்கும். அதில் மழையை நிறுத்தும் கட்டளையை அடித்தாள்.

"நின்னுச்சா தம்பி?"

"எங்கக்கா? இப்பத்தான் ஓங்கி ஊத்துது."

ரீஸ்டார்ட் பட்டனை அமுக்கினாள்.

"இப்ப?"

"இடி வேற சேந்துக்கிருச்சு."

கணவன் பிரின்ஸ் எட்டிப் பார்த்தான். "கிளாரா, கறி அடிப்பிடிக்குது."

"இருங்க, இங்கன ஊரே முங்கப் போகுது!"

"ஆறு ஒடைஞ்சிருச்சா?"

"கம்ப்யூட்டருக்குள்ளங்க!"

பிரின்ஸ் தானே போய்க் கரண்டியைப் பிடித்தான்.

விளையாட்டோடு ஒட்டிக்கொண்டு மழையையே ஒழிக்கும் பிளகின் ஒன்று கிடைத்தது. அதைப் போட்டாள். பேனலில் பச்சை விளக்கு சிவப்பானது. சர்வர் எழுந்திருக்கவே இல்லை. பதறி, எப்போதோ நகலெடுத்து வைத்த பேக்கப்பை இறக்கினாள். தேதியைப் பார்த்தால், வந்தது மூன்று மாதத்துக்கு முந்தைய ஊர். அதில் பாலமும் கிடையாது, சந்தையும் கிடையாது. விளக்கும் சிவப்பாகவே நின்றது.

மிச்சம் இருந்தது, எல்லாவற்றையும் புதிதாக ஏற்றும் ரீஇன்ஸ்டால். 'எல்லாம் அழிந்துவிடும், சம்மதமா?' என்றது பேனல். கல்யாணத்தன்று பீடத்தின் முன்னால்கூட அவள் அவ்வளவு வேகமாகச் சம்மதம் சொன்னதில்லை.

பச்சை விளக்கு எரிந்தது. ஊர் இருந்த இடத்தில் இனி வெறும் பொட்டல்தான்.

அய்யாத்துரை எழுதியிருந்தான்: "விட்டுருச்சுக்கா! வெயிலே வந்துருச்சு!"

கிளாராவுக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை.

நாலு மணிக்குப் பதினெட்டுப் பேரும் குரூப் காலில் வந்தார்கள். நடந்ததை ஒப்புக்கொண்டாள்.

"என் மூணு மாடி வீடு?" என்றாள் போடி மாரீஸ்வரி.

"போச்சு."

கம்பம் சுருளிதான் முதலில் சிரித்தான். "நல்லதாப் போச்சு! என் வீட்டத்தான் எல்லாரும் கோழிக்கூடுன்னாகளே. மொதல்லயிருந்து கட்டுவோம்."

ஆளாளுக்குச் சரியென்றார்கள். கிளாராவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"எல்லாம் அய்யாத்துரை தம்பிக்காகத்தான். மழை நின்னாப் போதும்னு பாத்தேன்."

அய்யாத்துரை மெதுவாகச் சொன்னான்:

"அக்கா... நான் சொன்னது எங்க மேகமலை எஸ்டேட்டுல பெய்ஞ்ச மழைய. கரண்டு இல்ல, போட்டிய நாளைக்குத் தள்ளி வைப்பீகளான்னுதான் கேக்க வந்தேன்!"