பட்டுவுக்கு ஜலதோஷம்

ஆனி மாதம் பிறந்த அன்றைக்கு நான் ஒரு தீர்மானம் செய்தேன். இனி இந்த வீட்டில் ஒன்று நான் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பூனை இருக்க வேண்டும். தீர்மானத்தை வாய்விட்டுச் சொல்லவில்லை. சொன்னால் என் மனைவி கனகாம்பாள் பூனையைத்தான் வைத்துக்கொள்வாள். பத்து வருஷம் குடும்பம் நடத்தியவனுக்கு அந்த அளவுக்காவது விவரம் இருக்காதா?

என் பேர் அருணகிரி. பொன்னேரிக்குக் கிழக்கே நாலு காணி நஞ்சை, ஒரு ஓட்டு வீடு. வீட்டில் ஒரு உள்ளறை, அதில் ஒரு தேக்குக் கட்டில். கட்டிலில் கனகாம்பாள் ஒரு பக்கம், பட்டு ஒரு பக்கம், நடுவில் நான் ஒருக்களித்தபடி. பட்டு என்பதுதான் பூனை. விதைநெல்லை எலி தின்கிறது என்று கொண்டுவந்தோம். அது எலியை ஏறிட்டும் பார்த்ததில்லை. ஞாயிற்றுக்கிழமை வரும் மடவை மீனில் தலை பட்டுவுக்கு, நடுத்துண்டு கனகாம்பாளுக்கு, வால் எனக்கு. நான் ராஜ்யம் கேட்கவில்லை. மல்லாந்து படுக்க அரைக் கட்டில் கேட்டேன்.

பழவேற்காட்டிலிருந்து சைக்கிளில் மீன் கொண்டுவருபவன் சுப்பராயன். அவன் வலையை எலி கடித்துக் குதறுகிறது என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை புலம்பினான். அவனைக் கிணற்றடிக்குத் தள்ளிக்கொண்டு போய்க் காதோடு பேசினேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை பட்டுவைக் கூடையில் போட்டு எடுத்துப்போவதாக ஏற்பாடு. அன்று மத்தியானம் எனக்கு வால்கூட ருசித்தது.

புதன்கிழமை பட்டு தும்மியது. தூசி என்று நினைத்தேன். பொழுது சாய்வதற்குள் ஏழு தும்மல். மறுநாள் காலை கண் இரண்டும் பீளை கட்டி ஒட்டிக்கொண்டிருந்தன, மூக்கு ஒழுகியது. ஞாயிற்றுக்கிழமை அதன் முன்னால் மீன் தலையை வைத்தால், யாரோ செங்கல்லை வைத்துவிட்டுப் போனதுபோல் உட்கார்ந்திருந்தது. சுப்பராயன் எட்டிப் பார்த்தான். கூடையை வைத்துவிட்டு இரண்டடி பின்னால் போனான்.

"இன்னா நைனா, சளி புடிச்ச பூனையக் குடுக்கிற. எங்க ஊட்ல ஏற்கெனவே ரெண்டு குட்டி கீது, அதுங்களுக்கும் ஒட்டிக்கும். நல்லா பண்ணிக் குடு, எடுத்துக்கினு போறேன்."

ஆக, பூனையைத் துரத்த வேண்டுமானால் முதலில் பூனையைக் காப்பாற்ற வேண்டும். இந்தக் கதி என் பங்காளிக்கும் வரக்கூடாது.

பக்கத்து வீட்டு அஞ்சம்மாள் வந்து பார்த்தாள். தலைவலி மாத்திரையில் பாதி கொடுத்து, நெஞ்சில் நீலகிரித் தைலம் தேய்த்தால் சரியாகிவிடும் என்றாள். கனகாம்பாள் ஒப்புக்கொள்ளவில்லை. டாக்டரைக் கேட்காமல் எதுவும் கூடாது என்று பட்டுவைத் துணிப்பையில் வைத்து என் கையில் கொடுத்தாள். மறுநாள் கம்பெனி வேலைக்குப் போகிற கூட்டத்தில் இடிபட்டுக் கும்மிடிப்பூண்டி போய்ச் சேர்ந்தேன். வழியெல்லாம் பை தும்மியது. பஸ்ஸில் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

மாட்டு ஆஸ்பத்திரி வரிசையில் எனக்கு முன்னால் ஒரு காளை, பின்னால் ஒரு எருமை. டாக்டர் சிரித்துவிடுவார் என்று பயந்தேன். அவர் சிரிக்கவில்லை. கண்ணை விரித்துப் பார்த்தார், வாயைத் திறந்து நாக்கில் புண் இருக்கிறதா என்று பார்த்தார், நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டார். பிறகு, வீட்டுக்குச் சமீபத்தில் புதுப் பூனை ஏதாவது வந்ததா என்றார். இல்லை என்று சொன்னேன்.

பொய். பத்து நாளைக்கு முன்னால் சந்தையிலிருந்து ஒரு முரட்டுக் கடுவனைச் சாக்கில் கட்டிக் கொண்டுவந்து வீட்டில் விட்டவன் நான்தான். பட்டுவை அது விரட்டியடிக்கும் என்று எண்ணம். அது இரண்டு நாள் பட்டுவோடு ஒரே தட்டில் சாப்பிட்டது, பட்டுவின் மூஞ்சியை நக்கியது, தும்மியது, போய்விட்டது. என் தலையில் நானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டேன்.

இது பூனைக்குப் பூனை ஒட்டுகிற சளி, பூனையிடமிருந்து மனுஷனுக்கு வராது என்றார் டாக்டர். மூன்று வாரம் காற்றடிக்காத தனி அறை. தனித் தட்டு, அதைக் கொதிநீரில் கழுவ வேண்டும். உப்புப் போட்டுக் காய்ச்சி ஆறிய நீரில் பஞ்சை நனைத்துக் கண்ணுக்கு ஒன்று, மூக்குக்கு ஒன்று என்று துடைக்க வேண்டும். மூக்கடைத்த பூனைக்கு வாசனை தெரியாது, தெரியாவிட்டால் சாப்பிடாது, அதனால் மீனை வெதுவெதுப்பாகப் பிசைந்து ஊட்ட வேண்டும். தைலமும் தலைவலி மாத்திரையும் பூனைக்கு விஷம், கிட்டவே கொண்டுபோகக் கூடாது. இரண்டு நாள் சாப்பிடாவிட்டாலோ, வாயால் மூச்சு விட்டாலோ உடனே தூக்கிக்கொண்டு வர வேண்டும். இனிமேல் புதுப் பூனை எது வந்தாலும் இரண்டு வாரம் தள்ளி வைத்துப் பார்த்த பிறகுதான் சேர்க்க வேண்டும். இதைச் சொல்லும்போது என்னையே பார்த்தார். மருந்தைப் பொட்டலம் கட்டிக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்து ஒப்பித்தேன். ஒப்பிக்கும்போதே எனக்கு ஒரு யோசனை உதித்தது.

"தனி ரூமுன்னாரு. நெல்லு மூட்டை ரூம்ல வுட்டுடலாம்" என்றேன்.

"காத்தடிக்கக் கூடாதுன்னாரில்ல? அந்த ரூம்ல ஜன்னலுக்குக் கதவே இல்லியே" என்றாள் கனகாம்பாள்.

"அதுக்கு?"

"உள்ளறைதான். கட்டில்ல இருக்கட்டும். நீங்க மூட்டை ரூம்ல படுத்துக்கங்க. நான் கூடத்துல படுத்துக்கிறேன்."

"மருந்து யாரு குடுக்கிறது?"

"அஞ்சம்மா ஊட்டுப் பூனைக்கு நான்தான சோறு வெக்கிறேன். என் கையில ஒட்டிக்கினு போய் அதுக்கும் வந்துடுச்சின்னா? நீங்களே பாத்துக்கங்க."

அரைக் கட்டில் கேட்டவனுக்கு முழுக் கட்டிலும் போயிற்று. அறையைச் சாத்திக்கொண்டு, வெந்நீர் அண்டாவுக்குப் பக்கத்தில் பட்டுவை மடியில் வைத்து ஆவி பிடித்தேன். பூனைக்குச் சளி இளகியது, எனக்கு உடம்பே இளகியது. பொடியை வாயில் போடும்போதெல்லாம் கையில் நாலு கோடு. என் பங்கு வாலும் பட்டுவின் தட்டுக்குப் போயிற்று, எனக்கு ரசம்.

ஒரு கட்டத்தில் பட்டு ஒன்றரை நாள் எதையுமே தொடவில்லை. நான் நிஜமாகவே பயந்துபோனேன். எடுத்துச் சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். விரலில் மீனைத் தடவிக்கொண்டு கெஞ்சினேன். அது வெகுநேரம் யோசித்து ஒரு தரம் நக்கியது. பிறகு இன்னொரு தரம். என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கனகாம்பாள் பார்த்துவிட்டாள். ஆவி என்று சொன்னேன்.

மூன்று வாரத்தில் பட்டு பளபளவென்று ஆகிவிட்டது. காற்றடிக்கிற மூட்டை அறையில் எலிகளோடு படுத்திருந்த எனக்குத் தும்மல் பிடித்துக்கொண்டது. ஆனாலும் மனசைக் கல்லாக்கிக்கொண்டேன். சுப்பராயனுக்குப் பூனையைக் கொடுக்கப்போகிறேன் என்று கனகாம்பாளிடம் நேராகவே சொல்லிவிட்டேன். பிரளயம் வரும் என்று எதிர்பார்த்தேன். அவள், "சரிங்க, போய்ட்டு வாங்க" என்று தயிர்ச்சோறு கட்டிக் கொடுத்தாள். அங்கேயே நான் திரும்பியிருக்க வேண்டும்.

பழவேற்காட்டில் சுப்பராயன் வலைக்கு முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தான். பையைத் திறந்ததும் எழுந்து நின்று கும்பிட்டான். எனக்கல்ல, பட்டுவுக்கு.

"இத நான் எடுத்துக்க முடியாது நைனா. பெரியபாளையத்து அம்மனுக்கு நேர்ந்துவுட்ட பூனையாச்சே. இதக் கொண்டாந்து ஊட்ல கட்டுனா ஏரியில எனக்கு மீனு கெடைக்குமா?"

"யாருய்யா நேர்ந்துவுட்டது?"

"அண்ணிதான். நீ கெணத்தாண்ட பேசுன அன்னிக்கே அவங்களாண்ட சொல்லிட்டேன். அப்பறம் சளி புடிச்சப்ப, நல்லா ஆகாம எடுக்காதே, அவரே பண்டுவம் பாக்கட்டும்னு சொன்னதும் அவங்கதான்."

எங்கள் பக்கத்தில் அம்மனுக்கு நேர்ந்துவிட்ட சேவலை, கிடாவை யாரும் விற்க மாட்டார்கள், கட்ட மாட்டார்கள், வாசலில் வந்து நின்றால் விரட்டவும் மாட்டார்கள். பூனையை நேர்ந்துவிட்டது இந்த ஜில்லாவிலேயே என் மனைவி ஒருத்திதான். தயிர்ச்சோற்றைப் பட்டுவும் நானும் பாதிப் பாதி சாப்பிட்டுவிட்டுத் திரும்பினோம்.

வேண்டுதலில் மீதியை வீட்டில் தெரிந்துகொண்டேன். பட்டு பிழைத்தால் நான் வேப்பஞ்சேலை கட்டிக் கோயிலைச் சுற்றுவதாக அம்மனிடம் சொல்லியிருக்கிறாள். அவளே கட்டிக்கொள்வதாகச் சொல்லியிருக்கக் கூடாதா என்று கேட்டேன். பாடுபட்டது நான், அதனால் பலனும் எனக்கே வரட்டும் என்று விட்டுக்கொடுத்தாளாம்.

ஆடி ஞாயிற்றுக்கிழமை, பெரியபாளையம். கழுத்திலிருந்து முழங்கால் வரை ஈர வேப்பிலை. ஆயிரம் பேருக்கு நடுவில் நான் தும்மிக்கொண்டே சுற்றினேன். தும்மலுக்கு ஒரு கொத்து உதிர்ந்தது. தெரிந்த முகமெல்லாம் அன்றைக்குத்தான் அங்கே வந்திருந்தது. எப்படியோ சுற்றி முடித்துக் கனகாம்பாளிடம் வந்தேன். அவள் இடுப்பில் பட்டு. சொல்ல வெட்கமாக இருக்கிறது, அதன் தலையை ஒரு தரம் தடவ வேண்டும்போல் இருந்தது. கையை நீட்டினேன். கனகாம்பாள் இரண்டடி பின்னால் போனாள்.

"கிட்ட வராதீங்க. பட்டுவுக்கு ஒட்டிக்கும்."

"பூனைகிட்டேர்ந்து மனுஷனுக்கு வராதுன்னு டாக்டரே சொன்னாரே."

"ஆமா. மனுஷன்கிட்டேர்ந்து பூனைக்கு வராதுன்னு சொன்னாரா?"

சொல்லவில்லை. நானும் கேட்டுக்கொண்டு வரவில்லை.

மூன்று வாரம் தனி அறை என்பது டாக்டர் உத்தரவு. எனக்கு இப்போது இரண்டாவது வாரம் நடக்கிறது. இதை மூட்டை அறையிலிருந்துதான் எழுதுகிறேன். சோறு வேளாவேளைக்கு வாசற்படியில் வந்துவிடுகிறது, பட்டு நோயாகக் கிடந்தபோது தனியாக ஒதுக்கி வைத்த அதே தட்டில்.