சம்பந்தி முதுகு என்று நினைத்துத் தேய்த்தது

சாவோ மலை, வெந்நீர் ஊற்று விடுதி,
மாடி அறையிலிருந்து.

மதிப்பிற்குரிய தோமியே அக்காவுக்கு,

உன் தம்பி செய்கிச்சி வணங்கி எழுதுவது. இங்கே மேப்பிள் இலைகள் பாதிக்கு மேல் உதிர்ந்துவிட்டன. அகிதாவில் உங்கள் பக்கம் முதல் பனி விழுந்திருக்கும். உன் முழங்கால் எப்படி இருக்கிறது, அத்தானின் இருமல் நின்றதா என்றெல்லாம் விசாரித்துவிட்டுத்தான் விஷயத்துக்கு வர வேண்டும், விசாரித்துவிட்டேன். விஷயம் இதுதான்: என் பெண் மிசுஹோவின் கல்யாணத்தை நான் கெடுத்துவிட்டேன்.

பதறாதே. பதற வேண்டியதையெல்லாம் நானே பதறி முடித்துவிட்டேன். மாப்பிள்ளை ரியோஹேயின் அப்பா அசுமா, யமகாதாவில் பௌத்தக் கோயில் குரு என்பது உனக்குத் தெரியும். கோயில் இவர்கள் குடும்பத்துடையது, அவருக்குப் பிறகு ரியோஹேதான் குரு, நம் மிசுஹோதான் கோயில் வீட்டு எஜமானி. இரண்டு குடும்பமும் ஒரே கூரையின் கீழ் தங்கி, சேர்ந்து குளித்து, சேர்ந்து சாப்பிட்டால் மனசு ஒட்டும் என்று மாப்பிள்ளையின் அம்மா நோபுவே இந்த விடுதியை ஏற்பாடு செய்திருந்தார். ரயிலில் வரும்போதே மிசுஹோ என் சட்டைப் பொத்தானைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "அப்பா, ஒண்ணே ஒண்ணு. எனக்குக் கல்லறைன்னா பயம்கிறது மட்டும் அவங்க காதுக்குப் போகக் கூடாது. ரியோஹேகிட்டயே நான் இன்னும் சொல்லல." அவர்கள் வீட்டுச் சமையலறை ஜன்னலைத் திறந்தால் கல்லறைகள்தான் அக்கா, வரிசை வரிசையாக. இவளோ, நம் வீட்டில் இருட்டியபின் கழிப்பறைக்குப் போவதென்றால் என்னை வெளியே நிறுத்தி ஏதாவது பாடச் சொல்கிறவள். இருபத்தொன்பது வயது. "நான் ஏன்டி சொல்லப் போறேன்?" என்று தைரியமாகச் சொன்னேன்.

விடுதிக்கு வந்ததும் அறையில் வைத்திருந்த யுகாத்தா அங்கியை உடுத்திக்கொண்டு கீழே கூடத்துக்குப் போக வேண்டும், அங்கே அறிமுகம். முதல் பார்வையிலேயே மரியாதையாகத் தெரிய வேண்டுமே என்று கண்ணாடி முன் நின்று, பார்த்துப் பார்த்து உடுத்தினேன். கண்ணாடியில் எல்லாம் சரியாகத்தான் இருந்தது. கூடத்துக்குள் நுழைந்து குனிந்து வணங்கி நிமிர்ந்தால், அசுமா என் நெஞ்சையே பார்க்கிறார், அவருடைய இரண்டு கைகளும் தாமாகவே குவிகின்றன, உதடு ஏதோ முணுமுணுக்கத் தொடங்குகிறது, நோபுவே அம்மாள் அவரை முழங்கையால் இடிக்கிறார். முப்பது வருஷமாகச் சாவு வீடுகளுக்குப் போகிற மனிதர், பாவம், பழக்கதோஷம். மிசுஹோ என்னைத் தூணுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போய், "அப்பா! வலது பக்கத்தை மேல போட்டிருக்கீங்க! பொணத்துக்குத்தான் இப்படிக் கட்டுவாங்க!" என்றாள். "எனக்குத் தெரியாதாடி? கண்ணாடி மாத்திக் காட்டிடுச்சு" என்றேன். "நாப்பது வருஷமா கண்ணாடியப் பாத்துத்தானே பஸ் ஓட்டினீங்க?" என்கிறாள். பேருந்துக்கும் யுகாத்தாவுக்கும் என்ன சம்பந்தம், நீயே சொல்.

இப்படிப் பிணக்கோலத்தில் அறிமுகமாகிவிட்டோமே, எப்படியாவது சரிக்கட்ட வேண்டும் என்று எனக்கு ஒரே தவிப்பு. குளியலில் அவருக்கு முதுகு தேய்த்துவிட்டால் சரியாகிவிடும் என்று தோன்றியது. ஆண்கள் பக்கத்துக்குப் போய், துணியைக் கழற்றிக் கூடையில் போட்டு, மூக்குக் கண்ணாடியையும் அதிலேயே வைத்துவிட்டு உள்ளே போனேன். போட்டிருந்தாலும் ஆவியில் ஒன்றும் தெரியாது. கழற்றியதால் சுத்தமாகத் தெரியவில்லை. குழாய்கள் பக்கம் குட்டை முக்காலியில் ஒரு மொட்டைத் தலை மட்டும் பளபளவென்று தெரிந்தது, குருவின் மொட்டைதான் என்று முடிவுகட்டினேன். ஓடிப்போய்ப் பின்னால் மண்டியிட்டு, "சாமி, அனுமதி குடுங்க" என்று துண்டில் சோப்பைக் குழைத்துத் தேய்த்தேன் பார், முதுகு வேகவைத்த நண்டு மாதிரி சிவக்கும் வரை தேய்த்தேன். அவர் முனகினார், அதை ஆசீர்வாதமாக எடுத்துக்கொண்டேன். சும்மா தேய்த்திருந்தால் தப்பித்திருப்பேன். பெண்ணைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை போட்டு வைப்போம் என்று, "எங்க மிசுஹோவுக்குக் கல்லறைன்னா உசுரு சாமி, கல்லறைக்காக உசுரையே விடுவா" என்றேன். மொட்டைத் தலை திரும்பியது. "உசுரை விட்டாத்தானேய்யா அங்க போக முடியும்? நீ யாரு? நான் சகாதாவுல மீன் மொத்த வியாபாரம் பண்றவன். முதுகுல தோலு இருக்கா பாரு!"

வெட்கத்தில் உடம்பைக் கழுவினேனோ இல்லையோ, எழுந்து போய்ப் பெரிய தொட்டியில் கழுத்துவரை இறங்கிவிட்டேன். மூலையில் ஒருவர் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். துண்டைத் தொட்டித் தண்ணீரில் படவிடக் கூடாது என்று மடித்துத் தலைமேல் வைத்துக்கொள்வோமே, அதேபோல அவரும் வைத்திருந்தார். அந்த நல்ல பழக்கம்தான் அக்கா என்னைக் கவிழ்த்தது. வெந்நீரில் இறங்கினால் எனக்கு வாய் நிற்காது, உனக்குத் தெரியும். "அங்க நடந்ததப் பாத்தீங்களா?" என்றேன். "ம்" என்றார். முகம் தெரியாத மனிதர்தானே, நாளைக்குப் பார்க்கவா போகிறோம் என்று கொட்டிவிட்டேன். "என்ன பண்றது, ஒரு சாமியார் வீட்ல பொண்ணக் குடுக்கப் போறேன், புளுகத்தான் வேண்டியிருக்கு. நிஜத்துல அவ பயந்தாங்கொள்ளி. கல்லறை இருக்கிற தெருவழியா பஸ் போனாக்கூட கண்ண மூடிக்குவா." "ம்." அத்தோடாவது நிறுத்தினேனா? "ஒண்ணு சொல்லட்டுமா, யாருகிட்டயும் சொல்லாதீங்க. இந்தக் கல்யாணம் நின்னு போனாத் தேவலன்னு சில சமயம் தோணுது. அவங்கம்மா போனப்புறம் வீட்ல இருக்கிறது நாங்க ரெண்டே பேரு. இவளும் போய்ட்டா நான் யாரு கூடச் சண்ட போடுவேன்?"

அவர் கண்ணைத் திறந்தார். பிறகு எழுந்தார், தலையிலிருந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். துண்டுக்குக் கீழே மொட்டை. "தண்ணி சூடு ஜாஸ்தி, தொக்கிவா சான். ரொம்ப நேரம் ஊறாதீங்க, தல சுத்தும்" என்று என் குடும்பப் பெயரைச் சொல்லி எச்சரித்துவிட்டு அசுமா வெளியே போனார். தலை ஏற்கெனவே சுற்றிக்கொண்டிருந்தது.

சாப்பாட்டுக்கு என்னென்ன வைத்தார்கள் என்று கேட்காதே. என் முன்னால் ஒரு குட்டி அடுப்பில் காளான் வெந்துகொண்டிருந்தது, அதன் நிலையும் என் நிலையும் ஒன்றுதான். அசுமா ஒவ்வொரு தட்டாக நிதானமாகக் காலி பண்ணுகிறார், என் பக்கம் திரும்பவே இல்லை. மிசுஹோ நோபுவே அம்மாளுக்குச் சாக்கே மது ஊற்றிக்கொண்டு, சிரித்துக்கொண்டு, அவ்வளவு அழகாக இருந்தாள். நான் காளானைத் திருப்பித் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தேன். அசுமா கிண்ணத்தைக் கீழே வைத்து, தொண்டையைக் கனைத்து, "மிசுஹோ, எல்லாரும் இருக்கும்போதே அந்தக் கல்லறை விஷயத்தப் பேசிடுறது நல்லது" என்றார். அவள் முகம் வெளுத்ததைப் பார்த்தேன். அதே நேரம் பணிப்பெண் கதவை இழுத்துச் சாத்தினாள். பதற்றத்தில் என் வாய், பஸ்ஸில் சொல்லிச் சொல்லிப் பழகியபடி, "கதவு மூடுகிறது, கைப்பிடியைப் பிடித்துக்கொள்ளுங்கள்" என்று உரக்க அறிவித்தது. எல்லாரும் திரும்பினார்கள். வயிற்று வலி என்று சொல்லி மாடிக்கு ஓடிவந்துவிட்டேன். கீழே அவர் என்ன பேசினாரோ, என் பெண் எப்படி அதைத் தாங்கினாளோ தெரியாது. என்னைப்போல ஒரு கோழை அப்பன் உண்டா?

ஆகவே அக்கா, நீதான் கதி. ஞாயிற்றுக்கிழமை முதல் ரயிலில் சென்தாய்க்கு, எங்கள் வீட்டுக்குக் கிளம்பி வா. மிசுஹோவை உட்காரவைத்து, இதெல்லாம் நல்லதற்குத்தான் என்று ஆறுதல் சொல். அசுமா வீட்டுக்கும் ஒரு கடிதம் எழுது. உன் தம்பி சின்ன வயதில் பேரிமரத்திலிருந்து தலைகுப்புற விழுந்தவன், அவன் பேச்சைக் கணக்கில் எடுக்க வேண்டாம், பெண் தங்கம் என்று. நான் விழுந்தது உண்மைதான், நீதானே தள்ளிவிட்டாய். ரியோஹே வேண்டாமென்று சொல்லிவிட்டால் வேறு நல்ல இடம் பார். கல்லறை இல்லாத வீடாக இருக்கட்டும்.

அத்தானுக்கு என் வணக்கத்தைச் சொல். கணப்பு அணையாமல் பார்த்துக்கொள், பனியில் வழுக்காமல் நட, உன் கை எப்போதும் சூடாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியாத உன் தம்பி,
தொக்கிவா செய்கிச்சி

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது அசுமாவே மேலே வந்துவிட்டார், கையில் ஒரு கிண்ணம் கஞ்சி. என் வயிற்று வலிக்காம். கீழே அவர் பேசியது இதுதானாம்: முப்பது வருஷமாக அவருக்கே கல்லறை என்றால் பயம், இருட்டிய பிறகு அந்தப் பக்கம் போக வேண்டியிருந்தால் நோபுவே அம்மாள்தான் டார்ச்சோடு முன்னால் நடப்பார், ரியோஹேவும் அப்பாவைப்போலத்தான். "எங்க வீட்ல தைரியசாலி ஒருத்திதான். மிசுஹோ வந்தா பயப்படுற கட்சிக்கு ஒரு ஆள் கூடும்" என்றாராம். மிசுஹோ அழுதுகொண்டே சிரித்தாளாம், ஏப்ரலில் கல்யாணம் என்று தேதியும் வைத்துவிட்டார்களாம். நான் தரையில் நெற்றி படக் குனிந்து, "தொட்டியில நான் இன்னொன்னும் சொன்னேனே சாமி" என்றேன். "இன்னொன்னா? என் காதுல தண்ணி போயிருந்துச்சு, சம்பந்தி. கஞ்சி ஆறுது, குடிங்க" என்றார்.

மேலே எழுதியது எதையும் செய்யாதே அக்கா. ஆறுதல் வேண்டாம், கடிதம் வேண்டாம், வேறு இடம் வேண்டாம். இத்தனை நல்ல மனிதர்களிடம் இனி என்ன குறை கண்டுபிடித்து இவளை வீட்டிலேயே வைத்துக்கொள்வேன்? காலையிலிருந்து கல்யாணம் நின்றுவிடுமோ என்று பயந்துகொண்டிருந்தேன். இனி நிற்காது. கஞ்சி நன்றாகத்தான் இருந்தது, பாதிக்கு மேல் குடிக்க முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை நீ மட்டும் வா. யாரிடமும் எதுவும் பேச வேண்டாம், என்கூடச் சும்மா உட்கார்ந்திரு.