சொறியாத நாய்க்குச் சொறி மருந்து

அரைகுறையாகத் தெரிந்தவனுக்குத்தான் குரல் கணீரென்று வரும். எனக்கு இருபத்திரண்டு வயதில் அப்படித்தான் வந்தது.

ஆந்திரா தனி மாநிலமாகிச் சில வருஷம் ஆகியிருந்தது. புத்தூர்ப் பக்கத்தில் எந்த ஊர் ஆந்திராவிலேயே, எந்த ஊர் மதராஸ் மாநிலத்துக்கு என்று பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. நான் ஒரு மாட்டாஸ்பத்திரியில் மருந்து கட்டும் வேலையில் சேர்ந்து மூன்று மாதம். (அதற்குள் ஊரில் 'டாக்டரு' என்று கூப்பிட ஆரம்பித்திருந்தார்கள். நான் மறுக்கவில்லை.)

டாக்டர் நாகலாபுரம் பக்கம் போயிருந்த ஒரு நாள், எல்லை விசாரணைக்கு வந்து பங்களாவில் தங்கியிருந்த அதிகாரி தன் நாய்க்குட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். வெள்ளைக் குட்டி. முகத்திலும் முன்னங்காலிலும் காலணா அளவுக்கு வட்ட வட்டமாக முடி கொட்டியிருந்தது.

நான் அதை வாங்கி மார்போடு அணைத்து, கன்னத்தோடு கன்னம் வைத்துப் பார்த்தேன். (டாக்டர்கள் அப்படிப் பார்ப்பதில்லை என்பது பிறகுதான் தெரிந்தது.)

"சொறிங்க. ஒரு வாரத்துல போய்டும்," என்றேன். வேப்பெண்ணெயில் கந்தகத்தைக் குழைத்து மூக்கு முதல் வால் வரை பூசினேன். "பயப்படாம மடியில வச்சிக்கலாம்" என்று அறிவுரை வேறு.

பத்தே நாளில் என் கன்னத்தில் ஒரு வட்டம். ஓரம் சிவந்து மேடாக, நடுவில் தெளிந்து. டாக்டர் உற்றுப் பார்த்தார்.

"எந்த நாயக் கொஞ்சின?"

சொன்னேன்.

"அது சொறிஞ்சிக்கினு இருந்துதா?"

"இல்ல சார். சும்மாதான் இருந்துது."

"சொறியாத நாய்க்கு எதுக்குடா சொறி மருந்து போட்ட?"

பிறகு விளக்கினார். சொறி வந்த நாய் ஒரு நிமிஷம் சும்மா இருக்காது; காதோரத்திலும் முழங்கையிலும் பொருக்குத் தட்டும். முடி ஒடிந்து வட்டமாகச் செதில் விட்டால் அது படர்தாமரை. மனிதனுக்கும் தொற்றும். சுற்றியுள்ள முடியைக் கத்தரித்து, படைக்களிம்பை வாரக்கணக்கில் தடவி, நாய் படுக்கும் துணியைக் கொதிக்க வைக்க வேண்டும். களிம்பு டப்பாவை என் கையில் கொடுத்து, "நீயே போய்ச் சொல்லு" என்று பங்களாவுக்கு அனுப்பினார்.

அன்றைக்கென்று பார்த்து அங்கே எங்கள் ஊர் விசாரணை. ஊருக்காக மனுவோடு நின்றவர் என் நைனா. ஊரை மதராஸோடு சேர்க்க வேண்டும் என்று படித்துக்கொண்டிருந்தபோது நான் நுழைந்தேன். அதிகாரி என் கன்னத்தைப் பார்த்தார். அவர் கை தானாகக் கழுத்துக்குப் போனது. அங்கே மூன்று வட்டம்.

"ஆஸ்பத்ரி அப்பாயி நுவ்வே கதா?" என்றார். (ஆஸ்பத்திரிப் பையன் நீதானே?)

நான் வாயைத் திறப்பதற்குள் நைனா மனுவை மடித்தார். "சார், இது என் புள்ளதான். தப்பு இவன் மேல. ஊரு மேல இல்ல."

அதிகாரி சிரிக்கவில்லை. டப்பாவை வாங்கிக்கொண்டு, எத்தனை வேளை என்று மட்டும் கேட்டார். டாக்டர் சொன்னது எனக்கு மறந்தே போயிருந்தது. "ரெண்டு வேளைங்க," என்றேன், கொஞ்சமும் தயங்காமல். (நல்ல காலம், அது சரியாக இருந்தது.)

நாய்க்குக் குணமானது. அவருக்கும் எனக்கும் இன்னும் கொஞ்ச நாள் பிடித்தது. எங்கள் ஊர் ஆந்திராவிலேயே நின்றுவிட்டது. அதற்கு ஆயிரம் காரணம் உண்டு என்று நான் சொல்லிப் பார்த்தேன். ஊரில் ஒருத்தரும் நம்பவில்லை. வீட்டிலும்தான். போன வாரம் பேத்தி தெலுங்குப் பரீட்சையில் தவறிவிட்டு வந்து, மார்க் அட்டையை என் முன்னால் வைத்தாள்.

"தாத்தா, நீ அந்த நாயக் கொஞ்சாம இருந்திருந்தா எனக்கு இந்தப் பரீட்சையே இல்ல. நீயே கையெழுத்துப் போடு."

போட்டேன்.