டங்கு உடைத்த எவர்சில்வர் குடம்

என் கல்யாணக் குடத்தை டங்குதான் தட்டி உடைத்தார் என்று நானும் நம்பினேன். நம்பியதோடு விட்டேனா? அவர் சார்பில் சபையில் மன்னிப்பு வேறு கேட்டேன்.

கோலார் தங்கவயலில் டங்கு தட்டிப் பார்க்காதவை சூரியனும் சந்திரனும்தான், எட்டவில்லை. சுரங்கத்துக்குள் ஆட்களை இறக்கும் கேஜின் போல்ட்டுகளைச் சுத்தியலால் தட்டி, விரிசல் உண்டா என்று காதால் கேட்பது அவர் வேலை. அந்த 'டங்' கேட்காமல் நாங்கள் கேஜில் கால் வைக்க மாட்டோம். ஆனால் ஷிப்ட் முடிந்தாலும் அவர் கை ஓயாது. டீ கிளாஸ், சைக்கிள், தூண் எதுவும் தப்பாது. ஒருமுறை மேஸ்திரியின் வழுக்கையைத் தட்டி, "கிராக் இல்ல, கீழ எறங்கலாம்" என்றார்.

கல்யாணத்தன்று பந்தலில் பெண் வீட்டுச் சீர் பளபளத்தது. பிக்கு வந்து பஞ்சசீலம் சொல்ல இன்னும் நேரமிருந்தது. நடுவில் இருந்த புத்தம்புது எவர்சில்வர் குடம் திடீரென்று 'டிக்' என்றது. விளிம்பிலிருந்து வயிறுவரை ஒரே கோடு!

எங்கள் வீடு, பெண் வீடு இரண்டுமே பௌத்தம். சகுனம் பார்க்க மாட்டோம். பெண்ணின் தாய்மாமன் எழுந்தார். "சகுனம்லாம் நாம நம்பறதில்லதான். ஆனா இன்னாத்துக்கு தானா வெடிச்சுது? பொண்ண ஊட்டுக்குக் கூட்டினு போறேன்!"

சுரங்கத்தின் அடி மட்டத்தில் பாறை சரிந்தபோதுகூட நான் அப்படி ஓடியதில்லை. ஓடிப்போய் முதுகால் விரிசலை மறைத்துக்கொண்டு நின்றேன், ஊரே அதைப் பார்த்து முடித்த பிறகு.

டங்கு கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். "தானா எங்க வெடிச்சுது? நான்தான் தட்டினேன். கொஞ்சம் ஓங்கிப் பட்டுச்சு."

பந்தலே மூச்சு விட்டது. "உன் கைய ஒடைக்கணும்யா!" என்று திட்டிய தாய்மாமன் முகத்தில் அப்படியொரு சந்தோஷம். "மன்னிச்சிடுங்க மாமா, அவருக்கு அது வியாதி" என்று கும்பிட்டேன். தாலி கட்டியாயிற்று.

சாயங்காலம் கேட்டேன். "இன்னாண்ணா, என் குடந்தான் கெடச்சுதா?"

பாயசத்தை வழித்தபடியே சொன்னார். "தகட இழுத்து இழுத்துதான் குடம் பண்றாங்க தம்பி. அந்த இழுப்பு உள்ளயே நிக்கும். ஆசிட்ல கழுவுறப்ப ஹைட்ரஜன் பூந்துக்கும். ரெண்டும் சேந்தா, யாரும் தொடாமயே ஒருநாள் புட்டுக்கும். போல்ட்டும் அப்பிடித்தான், அதான் தட்டினே கெடக்கறேன்."

"இத அங்கயே சொல்றதுதானே?"

"ஹைட்ரஜன்னு சொன்னா, அது எந்த ஊர் பேய்னு உங்க மாமன் கேப்பாரு!"

அம்மா சிரித்துக்கொண்டே அரிசி மூட்டைக்குள் கைவிட்டு, டங்குவின் சுத்தியலை எடுத்து அவரிடம் நீட்டினார். காலையில் அவர் பந்தலுக்குள் நுழைந்ததுமே பிடுங்கி ஒளித்து வைத்தது.