குண்டு நேராக விழுந்த நாள்

ஒருவருடைய மானம் போக அதிக நேரம் வேண்டாம். என்னுடையது பதினைந்து விநாடிகளில் போனது, அதுவும் அக்காவின் கணவரிடம் இரவல் வாங்கிய கோட்டோடு.

இரண்டாயிரத்து நான்கில் நான் மொன்றியலில் விமானப் பொறியியல் முதுகலை மாணவன். வார இறுதிகளில் உணவகத்தில் கோப்பை கழுவுபவன். (ஊருக்கு எழுதும்போது முதலாவதை மட்டும் எழுதுவேன்.) என் ஆய்வு பழைய குண்டுவீச்சு விமானங்களைப் பற்றியது. பறக்கும்போது குண்டு போட வயிற்றுக் கதவைத் திறந்தால் காற்று உள்ளே புகுந்து சுழலும். விடுபட்ட குண்டு புரண்டு விமானத்தின் வயிற்றிலேயே இடிக்கலாம். கதவுக்கு முன்னால் சீப்புப் போல ஒரு தகடு வைத்தால் காற்று விலகும், குண்டு ஒழுங்காக விழும். அந்தச் சீப்பை எட்டு மாதம் அராவினேன்.

ராட்சத விசிறி காற்றடிக்கும் காற்றுச் சுரங்கத்தில் மாதிரி விமானத்தை வைத்துச் செய்து காட்டும் நாள் வந்தது. ஒரு விமானக் கம்பனியின் மேலாளர் வருகிறார், அவருக்குப் பிடித்தால் வேலை நிச்சயம் என்றார் பேராசிரியர். கோப்பைகளுக்கு மனதுக்குள் விடை கொடுத்துவிட்டேன். குடும்பத்தினரும் வரலாம் என்றதால் அம்மாவையும் எங்கள் வீடு இருந்த செயின்ட்-மிஷேலிலிருந்து கூட்டிப் போனேன். அவர் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது.

வழக்கமாகக் கண்ணாடி அறைக்குள் இருந்துதான் பார்ப்போம். அன்று நான் பவுசு காட்ட, எல்லாரையும் சுரங்கத்தின் அருகிலேயே நிறுத்தினேன். விசிறி முனகியது, பிறகு உறுமியது. மாதிரியின் வயிற்றுக் கதவு திறந்தது.

“கீழ படு” என்றார் அம்மா பின்னாலிருந்து.

என் உடம்பு என்னைக் கேட்கவில்லை. சின்ன வயதில், ஊரில் விமானம் குண்டு போட வந்தால் எப்படிப் படுப்பது என்று பள்ளிக்கூடத்தில் பழக்கிய அதே முறை: குப்புற, வாயைத் திறந்து, முழங்கை ஊன்றி, நெஞ்சு தரையில் படாமல். போகிற போக்கில் மேலாளரின் கையையும் பிடித்து இழுத்துவிட்டேன். ஒரு பக்கம் நான், மறுபக்கம் அம்மா, நடுவில் அவர். எட்டு மாத உழைப்பில் முதல் குண்டு நேராக விழுந்ததை ஒருவரும் பார்க்கவில்லை. எல்லாரும் எங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மேலாளர் எழும்பப் பார்த்தார். அம்மா அவர் தலையை அமத்தினார்.

“பொறுங்கோ, இன்னும் ஒண்டு வரும்.”

வந்தது. (மாதிரிக்குள் இரண்டு குண்டுகள் இருப்பதை நான் அம்மாவுக்குச் சொல்லியிருக்கவேயில்லை.)

விசிறி நின்றதும் மேலாளர், அந்த அம்மா என்ன சொன்னார் என்று பிரெஞ்சில் கேட்டார். வெட்கத்தில் செத்துக்கொண்டே மொழிபெயர்த்தேன். அவர் சிரிக்கவில்லை. முழங்காலைத் தட்டிவிட்டு அம்மாவுக்கு நன்றி சொன்னார்.

திரும்பும் வழியில், மெட்ரோவில், உந்தச் சீப்பு என்னத்துக்கு என்று அம்மா விசாரித்தார். பாதுகாப்புக்கு என்றேன்.

“ஆருக்கு?”

விமானத்துக்கு என்றேன். அம்மா என் கோட்டின் முழங்கையில் ஒட்டியிருந்த தூசியைத் தட்டத் தொடங்கினார்.

அந்தக் கம்பனியிலேயே வேலை கிடைத்தது. முதலில் குண்டுவீச்சு விமானப் பிரிவில் இடம் தந்தார்கள், வேண்டாம் என்றேன். இப்போது பயணிகள் விமானங்களுக்குக் கழிவறைக் கதவுப் பூட்டு வடிவமைக்கிறேன். புதுப் பூட்டு ஒன்றை வீட்டுக்குக் கொண்டுவந்தால் போதும், அன்று கோட்டு இரவல் தந்த அத்தான் அதைச் சாப்பாட்டு மேசையில் அம்மாவிடம் நீட்டி, இது ஆருக்குப் பாதுகாப்பு என்று கேட்பார். எல்லாரும் சிரிப்பைத் தயாராக வைத்திருப்பார்கள். அம்மா மட்டும் மூக்குக்கண்ணாடியைப் போட்டு, பூட்டைத் திறந்து மூடி, ஆற அமரப் பார்ப்பார்.

“உள்ளுக்கு இருக்கிற ஆளுக்கு. பிழையில்லை, செய்யட்டும்.”